உப்புவெளியில் ஒரு மாணவியர் விடுதி: வருத்த அறையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

விடுதி தேடிப் போகும் பெற்றோர் வழக்கமாக முதலில் கட்டிலையும், பிறகு மின்விசிறியையும், கடைசியில் மதிற்சுவரின் உயரத்தையும் பார்ப்பார்கள். 31 வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த ஒழுங்கு வராது. திருகோணமலையை அடுத்த உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் இந்த மாணவியர் விடுதிக்குச் சென்ற வருடம் தை மாதம் போனபோது, நான் நேரே வளவின் பின்புறம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடுத்ததாக, மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கிறதா என்று காலால் அளந்தேன். மூன்றாவதாகத்தான், "காய்ச்சல் வந்த பிள்ளையை எங்கே படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா முகம் கோணவில்லை. "வாங்கோ ஐயா, கேக்கிற ஆக்களுக்கு நான் அந்த அறையைத்தான் முதலில காட்டுறனான்" என்று சொல்லி முன்னே நடந்தார். இந்த மதிப்பீடு பெரும்பாலும், நோயில் விழும் பிள்ளையைப் படுக்க வைக்கும் அந்த "வருத்த அறை"யைப் பற்றியது.

அங்கே தங்கியிருப்பவள் என் தங்கையின் பேத்தி. வவுனியாவிலிருந்து பட்டப்படிப்புக்காகத் திருகோணமலைக்கு வந்தாள். எனது வீடு மூதூரில் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் வந்தபிறகு பயணம் இலகுவாகிவிட்டது என்றாலும், விரிவுரைக்கு நாளாந்தம் போய்வர அந்தத் தூரம் ஒத்துவராது. ஆகவே பாதுகாவலர் என்ற பெயரில் கையெழுத்து வைத்தவன் நான், பார்த்துக்கொள்பவர் அந்த அம்மா. அவர் அரச ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர்; பிள்ளைகள் எல்லோரும் அவரை "மிஸி" என்றே கூப்பிடுகிறார்கள், நானும் இனி அப்படியே எழுதுகிறேன். விடுதியின் பெயரை எழுதாததற்குக் காரணம் மிஸியே வேண்டாம் என்றதுதான். ஏழு அறைகளில் 14 பிள்ளைகள் இருக்கிறார்கள். இடம் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. தவிர, குறைகளையும் எழுதப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன்.

அறை, சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு ஓர் அறை, மேசை சிறிது, அலுமாரிக் கதவு ஒன்று சரியாக மூடாது. காலையில் பிட்டு அல்லது இடியப்பம், மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு, இரவில் பெரும்பாலும் ரொட்டி. மீன் நல்ல மீன். சம்பலில் உப்புக் கூட. அறைக்கும் சாப்பாட்டுக்குமாக மாதம் 18,500 ரூபா வாங்குகிறார்கள். உப்புவெளியில் இது நடுத்தரமான விலை.

கட்டணச் சிட்டையில் இதற்குக் கீழே "வருத்தக் காசு" என்று ஒரு தனி வரி இருக்கிறது: ஒரு பிள்ளைக்கு மாதம் 400 ரூபா. வருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். வருட முடிவில் மிஞ்சினால் அது அடுத்த வருடத்துக்குப் போகுமே தவிரத் திருப்பித் தரப்படாது. 14 பேரின் பணமும் ஒரு பழைய பிஸ்கற் பேணியில் சேர்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோ, இரத்தப் பரிசோதனை, ஜீவனிப் பொதி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்), செவ்விளநீர், படுத்திருக்கும் பிள்ளைக்குத் தனியாகக் காய்ச்சும் கஞ்சி எல்லாவற்றுக்கும் அந்தப் பேணியிலிருந்தே காசு எடுக்கப்படுகிறது. பெற்றோர் சிலருக்கு இதில் மனக்குறை உண்டு. "என்ர பிள்ளைக்கு வருசம் முழுக்கத் தும்மல்கூட வரேல்லை, நான் ஏன் கட்டவேணும்?" என்று மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு தகப்பன் வாசலிலேயே நின்று கேட்டதை நானும் கேட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு பழைய சுகாதார வரலாறுகளை வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அதனால் அந்தத் தகப்பனுடைய கேள்வி நூறு வருடத்துக்கு மேல் பழையது என்பது எனக்குத் தெரியும். 1906 ஏப்ரல் 18ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவைப் பூமியதிர்ச்சி உலுக்கி, அதைத் தொடர்ந்த தீயில் நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. வீடிழந்தவர்கள் வளைகுடாவுக்கு அக்கரையில் இருந்த பேர்க்லிக்கு வந்து குவிந்தார்கள். அதே வருடத்தில்தான் அங்கிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் ஜோர்ஜ் ரைன்ஹார்ட் மாணவர் சுகாதார சேவையொன்றைத் தொடங்கினார். மாணவர் எல்லோரும் ஒரு குறித்த தொகையைக் கட்டவேண்டும். பிறகு வைத்தியரைக் காண்பதற்கோ நோயறையில் படுப்பதற்கோ தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முன்பணத்தில் இயங்கும் முழுமையான மாணவர் மருத்துவ சேவைகளுக்கு அதுவே முன்னோடி என்று சொல்லப்படுகிறது. அதற்கு முன் அறையெடுத்துத் தங்கிய மாணவன் காய்ச்சலில் விழுந்தால், வைத்தியரைத் தானே தன் காசில் அழைக்க வேண்டியிருந்தது. கையில் காசில்லாதவன் இன்றைக்கு விட்டுவிடும், நாளைக்கு விட்டுவிடும் என்று மூன்று நாள் போர்த்துக்கொண்டு கிடப்பான். முன்பணத்தின் உண்மையான பயன் அந்தத் தயக்கத்தை இல்லாமல் செய்வதே. நம் நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் இரவு பத்து மணிக்கு உப்புவெளியிலிருந்து அங்கே போகும் ஓட்டோவும், அடுத்த நாள் தனியாரிடம் செய்யும் இரத்தப் பரிசோதனையும் இலவசமல்ல. மாத முடிவில் கையில் காசில்லாத பிள்ளை அந்த இரண்டுக்கும் பயந்தே காய்ச்சலை மறைக்கும். 400 ரூபாவை நான் முணுமுணுக்காமல் கட்டுகிறேன். பேணிக்கு ஒரு கணக்குக் கொப்பி மட்டும் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை.

கிணற்றுக்கு வருகிறேன். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர்; கடல் பக்கத்தில் இருப்பதால் சற்று உவர். குடிக்கவும் சமைக்கவும் கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் குழாய் நீர். அது தடைப்படும் நாட்களுக்காக மாடியில் ஒரு கறுப்புத் தாங்கி இருக்கிறது. என்னிடம் பழைய தொழிலின் மிச்சமாக, கிருமி கொல்லப் போட்டதில் நீரில் எஞ்சிய குளோரினைப் பார்க்கும் சிறு குழாய்ப் பெட்டியொன்று உண்டு. ஒரு குழாயில் சமையலறை நீரைப் பிடித்து மாத்திரையைப் போட்டேன். வெளிர்ந்த றோசாப்பூ நிறம் வந்தது, லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் என்று அட்டை காட்டியது. தாங்கி நீரில் நிறமே வரவில்லை. மிஸிக்கு இது புதிதல்ல. தாங்கி நீரோ குழாய் நீரோ, மாலை ஐந்து மணிக்கு இரண்டு பெரிய பானைகளில் கொதிக்க வைக்கிறார். "குமிழி அடியில இருந்து புரண்டு வரவேணும், அதுக்குப் பிறகும் கொஞ்சம் விடவேணும்" என்பது சமையற்காரப் பெண்ணுக்கு அவர் கொடுத்திருக்கும் சட்டம். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. கொதித்து ஆறிய நீரை மூடியுள்ள பானையில் ஊற்றி, அதன்மேல் ஒரேயொரு எவர்சில்வர் குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்! 14 பிள்ளைகளும் அதனாலேயே மொண்டு, அதிலேயே வாய் வைத்துக் குடித்தார்கள். பொதுக் குவளையை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 1909ஆம் வருடமே தடைசெய்துவிட்டது என்று மிஸியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அடுத்த முறை போனபோது பானைக்குக் குழாய் பூட்டப்பட்டிருந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய போத்தல் இருந்தது.

தண்ணீரில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று பேத்தியும் ஒரு நாள் கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையை இங்கும் சொல்கிறேன். நியூயோர்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சிறிய நகரத்தில் கோர்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1903ஆம் வருடத்தின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் நெருப்புக் காய்ச்சல் (டைபாய்ட்) பரவியது. ஏறத்தாழ 1,350 பேர் படுக்கையில் விழுந்தார்கள். 82 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 29 பேர் கோர்னெல் மாணவர். ஆண் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் சொந்தமாக விடுதி கட்டியிராத காலம் அது. பெரும்பாலோர் நகரத்து வீடுகளில், இப்போது உப்புவெளியில் தங்குவதைப் போலவே, அறை எடுத்துத் தங்கி அந்த வீட்டுக் குழாயில் வந்ததைக் குடித்தார்கள். தண்ணீரை விநியோகித்தது ஒரு தனியார் கம்பனி; ஓடைநீரை வடிகட்டாமலே குழாயில் விட்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நோயறை இருந்தது, அதுவும் ஒரு செல்வந்தர் குடும்பம் கொடுத்த மாளிகை. ஆனால் மாளிகையாக இருந்து என்ன, இத்தனை பேரை ஒரே நேரத்தில் அது தாங்கவில்லை. மாணவர்களின் மருத்துவச் செலவை அமெரிக்க எஃகுச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னகி ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம் தன் தண்ணீரைத் தானே வடிகட்டிக்கொள்வதற்கும் பணம் கொடுத்தார். வடிகட்டியை ஒரு வருடம் முன்னதாக வைத்திருந்தால் அந்த 29 பேரில் எத்தனை பேர் பட்டம் வாங்கியிருப்பார்கள் என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்விதான்.

இனி அந்த அறை. பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு கட்டில், கொசுவலை, ஒரு யன்னல், ஒரு மரக் கதிரை. சுவரில் ஒரு தட்டு. அதில் வெப்பமானி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பனடோல் அட்டை, ஜீவனிப் பொதிகள், மில்லிலீற்றர் கோடு போட்ட இரண்டு பிளாஸ்ரிக் கோப்பைகள். ஒரு கோப்பையில் நீலக் கயிறு, மற்றதில் சிவப்புக் கயிறு. நீலம் குடிப்பதை அளக்க, சிவப்பு சலத்தை (சிறுநீரை) அளக்க. கட்டில் காலில் ஒரு சீ.ஆர். கொப்பி நூலால் கட்டித் தொங்குகிறது.

அந்தக் கொப்பியைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். முந்தைய வருடங்களில் அங்கே படுத்த பிள்ளைகளின் பக்கங்கள். பெயர் இல்லை, அறை இலக்கம் மட்டும். நேரம், காய்ச்சல், நாடி, குடித்தது, சலம், சத்தி, வயிற்றோட்டம் என்று கோடு கீறி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு வரி. இரவு இரண்டு மணிக்கும் வரி இருந்தது. எழுத்து அந்த வரியில் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பொய்க்கு எழுதும் பதிவேடுகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். எல்லா வரியும் ஒரே பேனையில் ஒரே சீராக இருந்தால் அது மாத முடிவில் ஒரே இருப்பில் எழுதியது. இது அப்படியல்ல.

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் உள்ள பிரின்ஸ்டன் கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைவராக இருந்தவரின் மனைவி இசபெல்லா மக்கோஷ், நோயில் கிடந்த மாணவர்களை அவர்கள் அறைகளுக்கே தேடிப்போய்ப் பராமரித்தவர். 1890களில் அங்கே நோயறை கட்டப்பட்டபோது அதற்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். இவர் வைத்தியரல்ல. அதற்கு முன்பே, 1861இல், அமெர்ஸ்ட் கல்லூரி எட்வர்ட் ஹிச்கொக் என்ற வைத்தியரைச் சுகாதாரத்துக்கும் உடற்பயிற்சிக்கும் பேராசிரியராக நியமித்திருந்தது. அவர் மாணவர்களின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு என்று வருடக்கணக்காக அளந்து எழுதினார். மாணவர் சுகாதாரம் என்ற துறை இந்த இரண்டு பழக்கங்களிலிருந்தும் வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது: ஒன்று போய்ப் பார்ப்பது, மற்றது அளந்து எழுதுவது. 1920இல் அமெரிக்காவில் இத்துறையினர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தபோதும் கையில் இருந்த மூலதனம் இவைதான். நெருப்புக் காய்ச்சலைக் கொல்லும் குளோரம்பெனிக்கோல் 1940களின் கடைசியில்தான் வந்தது. அதுவரை படுக்கை, கொதித்த நீர், இலகுவான ஆகாரம், ஈரத்துணி ஒற்றுதல், இரவில் விழித்திருக்கும் ஒருவர், இவ்வளவும்தான் சிகிச்சை.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியாவும் திருகோணமலையும் பட்ட பாடு இங்குள்ளவர்களுக்கு மறக்காது. டெங்குக் கிருமியை நேரே கொல்லும் மருந்து இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் இல்லை. அந்த ஒரு நோயைப் பொறுத்தவரை நாம் இன்னும் 1903ஆம் வருடத்திலேயே இருக்கிறோம்: அளந்து கொடுக்கும் நீர், அளந்து பார்க்கும் சலம், விழித்திருக்கும் கண். மாணவர் தங்கும் இடத்தை நான் இதைக் கொண்டே எடைபோடுகிறேன்.

சென்ற மார்கழியில் அந்த எடை எங்களுக்கே வந்தது. ஒரு திங்கட்கிழமை மாலை பேத்திக்குக் காய்ச்சல் 102. உடம்பு முறிகிறது, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். அறைத்தோழி அன்புடன் நகரத்து மருந்துக் கடையொன்றில் உடல்நோவுக்கு இரண்டு குளிசை வாங்கி வந்திருந்தாள். யாருக்கு, என்ன காய்ச்சல் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மிஸி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். டைக்குளோஃபெனக். டெங்கு என்று சந்தேகம் உள்ள காய்ச்சலில் அதுவும், இபுபுரொஃபனும், அஸ்பிரினும் கூடாது. இரத்தக் கசிவுக்கு வழி திறந்துவிடும். அட்டை குப்பைக்குப் போனது. பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் இல்லை. பேத்தி அன்றிரவே வருத்த அறைக்கு மாற்றப்பட்டாள். பகலிலும் வலைக்குள்தான் படுக்கவேண்டும் என்று கட்டளை. இந்த நுளம்பு பகலில் கடிப்பது. காய்ச்சல்காரியைக் கடித்தால் அதே நுளம்பு சில நாட்களில் மற்றப் பதின்மூன்று பேருக்கும் கொடுக்கும். இதை விளங்காத வீடுகளில் பகலில் வலையைச் சுருட்டி மேலே போட்டுவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை இரத்தம் எடுத்தார்கள். நகரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் மாலை நான்கு மணிக்கு முடிவு தருவதாகச் சொல்லி இரவு எட்டு மணிக்குத் தந்தது. அந்த நான்கு மணித்தியாலமும் எனக்கு எப்படிப் போனது என்று எழுதினால் மதிப்பீடு வேறு பக்கம் போய்விடும். டெங்கு உறுதி. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 1,68,000. புதன்கிழமை 1,21,000. ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் காட்டி, வீட்டில் கவனிக்கலாம், மறுநாள் வரவேண்டும் என்று அனுப்பினார்கள். மிஸி நீலக் கயிற்றுக் கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு 2,500 மில்லிலீற்றர் என்று கணக்கு: கஞ்சி, இளநீர், ஜீவனி, பால். வெறும் தண்ணீர் மட்டும் என்று ஏமாற்ற முடியாது. பீற்றூட் இல்லை, நெல்லிக்கிரஷ் இல்லை, சொக்கலேற் பால் இல்லை. சிவப்பாகவோ மண்ணிறமாகவோ எதையும் குடித்துச் சத்தி எடுத்தால் அது இரத்தமா இல்லையா என்று தெரியாமல் போகும். நான் புதன்கிழமை மூதூரிலிருந்து வந்து மரக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். என் வேலை கோப்பையை நீட்டுவது மட்டுமே. "தாத்தா, இனி ஒரு சொட்டும் இறங்காது" என்று அவள் அழுதாள். "ரெண்டு மடக்கு, பிறகு படு" என்று மிஸி வாசலில் நின்று சொன்னார். குரல் உயரவில்லை, ஆனால் குடித்தாள்.

வியாழன் காலை காய்ச்சல் விட்டது. 98.6. பேத்தி எழுந்து உட்கார்ந்து, தலைக்குக் குளிக்கவேண்டும், பின்னேரம் வகுப்புக்குப் போகவேண்டும் என்றாள். எனக்கே மனம் இளகிவிட்டது. 31 வருட அனுபவம் எங்கே போனதோ தெரியாது. மிஸி கொப்பியைக் காட்டினார். விடிய இரண்டு மணியிலிருந்து சலம் குறைந்திருந்தது, நாடி ஏறியிருந்தது. "காய்ச்சல் விட்டதுதான் எனக்குப் பயம், ஐயா" என்றார். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்திலேயே தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள். பேணியிலிருந்து காசு எடுத்து ஓட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் சிறுதட்டு 94,000. உடனே வார்ட்டில் அனுமதித்தார்கள். விடுதிக் கொப்பியின் மூன்று நாள் எண்களையும் ஒரு தாதி அப்படியே வார்ட்டுப் படிவத்தில் ஏற்றிக்கொண்டார். திங்கட்கிழமை பேத்தியை வீட்டுக்கு விட்டார்கள்.

அந்த நான்கு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்கு எங்கே கடித்திருக்கும் என்று விடுதி முழுக்கத் தேடினேன். பூச்சாடிகள் சுத்தம், கூரைப் பீலி சுத்தம், வளவில் ஒரு சிரட்டைகூட இல்லை. கடைசியில் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியை முன்னுக்கு இழுத்தோம். பின்னால், நீர் வடிந்து சேரும் தட்டில், விரல்மொத்த ஆழத்தில் தெளிந்த நீர். அதில் கூத்தாடிகள் (நுளம்புக் குடம்பிகள்) தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ரோச் வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்கின. மிஸியின் முகம் சுருங்கிப்போனது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டுபோன மலேரியாவின் நுளம்பு வறண்ட ஆறுகளின் குட்டைகளில் வளர்ந்தது. அந்த மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. இந்த நுளம்போ நமது குசினிக்குள் வந்து, நாங்கள் இழுத்துப் பார்க்காத இடத்தில் குடியிருக்கிறது. தட்டு இப்போது வாரம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையில் கழுவப்படுகிறது. யார் கழுவியது என்று கையெழுத்தும் இருக்கிறது.

இனிக் குறைகள். வருத்த அறை ஒன்றுதான், அதுவும் குசினியோடு ஒட்டிய சுவர். மத்தியானத்தில் புழுக்கம் தாங்காது, கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். தனி மலசலகூடம் இல்லை. பங்குனியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொப்பளிப்பான் (சின்னம்மை) வந்தபோது இதன் வில்லங்கம் வெளிப்பட்டது. முதற்பிள்ளையை வருத்த அறையில் வைத்து, வாசலில் வேப்பிலை கட்டி, நன்றாகத்தான் பார்த்தார். இரண்டாவது பிள்ளைக்கு இடமில்லை. தகப்பன் வந்து பேருந்தில் முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், மிஸியும் மறுக்கவில்லை. இதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பேருந்தில் கர்ப்பிணிகள் இருந்திருக்கலாம், கைக்குழந்தைகள் இருந்திருக்கலாம். இத்தாக்காவிலும் பயத்தில் பெருந்தொகையான மாணவர் ஊருக்கு ஓடினார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு படுத்தார்கள். 1918இல் இன்புளுவென்சா வந்தபோது பல்கலைக்கழகங்கள் உடற்பயிற்சி மண்டபங்களில் கட்டில் போட்டதும் இடமில்லை என்ற இதே காரணத்தால்தான். மாடியில் பாவிக்காமல் கிடக்கும் பண்டக அறையை இரண்டாவது வருத்த அறையாக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். செலவு என்கிறார், உண்மைதான், ஆனால் பேணியில் மிஞ்சும் காசு அதற்கன்றி வேறெதற்கு?

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. கொப்பியில் காய்ச்சலுக்குக் கோடு இருக்கிறது, நித்திரைக்குக் கோடு இல்லை. பரீட்சைக் காலத்தில் ஒரு பிள்ளை இரண்டு கிழமையாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. மிஸி அவளுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், தலைக்கு எண்ணெய் வைத்தார், வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவாமிமலையில் காற்று வாங்க வைத்தார். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வருத்தம் என்று அவருக்குப் படவில்லை; வீட்டு நினைவு என்றார். மாணவர் மனநலத்துக்கென்று தனியான சேவை 1910இலேயே பிரின்ஸ்டனில் தொடங்கியதாக வரலாற்றில் சொல்வார்கள். உடம்பை இத்தனை நுணுக்கமாக அளக்கும் ஒருவர் மனதை மட்டும் எண்ணெயோடு விட்டுவிடுவது எனக்கு விளங்கவில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அறிவித்தல் பலகையில் நானே எழுதி ஒட்டினேன். களுத்துறையில் நமது நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய வருடமும் 1926 என்பதால் அந்த இலக்கம் என் மண்டையிலிருந்து போகாது. பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே பெரிய எழுத்தில் எழுதினேன். அந்தப் பிள்ளை பிறகு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்வரத் தொடங்கினாள். முதல் நாள் கூடப் போனது மிஸிதான் என்பதையும் சொல்லவேண்டும்.

மற்றவை சிறியன. மாலை ஆறரைக்குப் பிறகு பார்வையாளர் வரக்கூடாது என்ற சட்டம் பாதுகாவலருக்கும் பொருந்தும். டெங்கு நேரத்தில் மட்டும் எனக்கு விலக்குக் கிடைத்தது. வெப்பமானி இரசத்தாலான பழையது. உடைந்தால் ஆபத்து, மாற்றவேண்டும். மிஸிக்கு வயது எழுபதை நெருங்குகிறது, இரவு இரண்டு மணி வரியை இன்னும் எத்தனை வருடம் எழுதுவார் என்பது எனக்குள்ள கவலை. மருமகளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறார், அவர் எழுதிய பக்கங்களைப் பார்த்தேன், நேரம் சரியாக இருக்கிறது, சலத்தின் அளவை மட்டும் "போனது" என்று எழுதுகிறார், எவ்வளவு என்று எழுதுவதில்லை.

இடம் பிடிக்க விரும்புகிறவர்கள் மார்கழிக்கு முன்னரே கேட்டு வைப்பது நல்லது. தையில் இரண்டு பேர் பட்டம் முடித்து வெளியேறுகிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் தண்ணீர் கொதிக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேட்டையும், ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அதன் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள். மிஸி அடையாள அட்டைக்கு முன்னர் அதைத்தான் கேட்பார். குளிர்சாதனப் பெட்டியை இழுத்துப் பார்க்க விரும்பினால் தயங்க வேண்டாம், இப்போது அதற்குச் சக்கரம் பூட்டியிருக்கிறார்கள்.